வீட்டு அட்வான்ஸ்: மூன்று மாத வரம்பைக் கேட்டு வாங்குவது எப்படி?

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டப்படி, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. வாடகை 15,000 என்றால் 45,000 ரூபாய். சென்னையில் இன்னும் பத்து மாதம் கேட்கிறார்களே என்றால், சட்டத்திலேயே ஒரு சந்து இருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறு தொகைக்கு ஒப்புக்கொண்டால் அந்தத் தொகைதான் செல்லும். ஆகவே பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால். பிறகு பேசிப் பயனில்லை.

பலர் ஏமாறுவது ரொக்கத்தில்தான். ஒன்றரை லட்சம் கைமாறும், பத்திரத்தில் 50,000 என்று இருக்கும். மீதிக்கு எந்த ஆதாரமும் இல்லை. முழுத் தொகையையும் வங்கி வழியாக அனுப்புங்கள், அதே எண்ணை ஒப்பந்தத்தில் எழுத்தாலும் எழுத வையுங்கள், இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தத்தைப் பதிவும் செய்யுங்கள். பெயின்ட் செலவைக் கழிப்பார்களா, எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். காலி செய்யும்போது வரும் சண்டையில் பாதி அதுதான்.

குடியேறும் அன்று சுவர் ஓதம், ஒழுகும் குழாய், கீறல் விழுந்த தரை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மின் மீட்டர் அளவும் அதில் தெரியட்டும்.

காலி செய்யும்போது சாவி ஒப்படைத்த தேதிக்குக் கையெழுத்து வாங்குங்கள். பாக்கியைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கழிக்கும் ஒவ்வொன்றுக்கும் பில் கேளுங்கள்.