சுவத்துல ஒட்டுன பழைய பீங்கான் சோப்பு டிஷ்ஷ டைல் உடையாம எடுக்குறது எப்படி

மொதல்ல கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கோங்க, பீங்கான் சில்லு பிளேடு மாதிரி வெட்டும். தண்ணி போற ஓட்டைய துணி வச்சு அடைச்சிருங்க. அப்புறம் டிஷ்ஷ சுத்தி இருக்குற கிரவுட்ட (டைல் இடுக்க அடைக்குற பூச்சு) கத்தியால கீறி கீறி முழுசா எடுக்கணும், அவசரமே கூடாது, பாதி வேலை இதுலதான் இருக்கு, கொஞ்சம் ஒட்டிட்டு இருந்தாலும் பக்கத்து டைலையும் சேத்து பேத்துரும். அந்த இடுக்குல மெல்லிசான பட்டி பிளேட (சுவத்துக்கு பட்டி பூசுற தகடு) விட்டு சுத்தியலால லேசா தட்டிட்டே சுத்தி வாங்க, சத்தம் பொள்ளலா மாறுச்சுன்னா பசை விடுதுன்னு அர்த்தம். டைல் மேல முட்டுக் கொடுத்து நெம்பாதீங்க. அசையவே இல்லன்னா டிஷ்ஷோட நடுவுல உளி வச்சு உடைச்சு, துண்டு துண்டா ஓரத்துக்கு வாங்க. டிஷ்ஷுக்கு பின்னாடி சுவரு ஈரமா இருந்தா நல்லா காஞ்சப்புறம்தான் புது டைல் ஒட்டணும்.