துப்ரோவ்னிக் செல்லத் திட்டமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரோஷியாவின் தென்கோடியில் ஏட்ரியாட்டிக் கடலோரம் அமைந்த துப்ரோவ்னிக்கின் பழைய நகரம் மிகவும் சிறியது. மேற்கே பிலே வாயிலில் நுழைந்து, சுண்ணாம்புக்கல் பாவிய ஸ்த்ராதுன் என்னும் நடுவீதி வழியே கிழக்கிலுள்ள பழைய துறைமுகத்தை அடைய ஐந்தாறு நிமிட நடை போதும்; அந்த வீதியின் நீளமே ஏறத்தாழ 300 மீட்டர்தான். இதைப் பார்த்துவிட்டு, இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் நடுவே ஒரு பகலை ஒதுக்கினால் போதும் என்று பலர் முடிவெடுக்கிறார்கள். ஊர் பிடிக்கவில்லை என்று திரும்பி வருபவர்களிடம் விசாரித்தால், அவர்கள் பார்த்த இடங்களில் குறை இருக்காது, பார்த்த நேரத்தில்தான் குறை இருக்கும். காலை ஏழு மணிக்கு ஒரு முகமும் பதினொரு மணிக்கு வேறொரு முகமும் காட்டும் ஊர் அது. ஆகவே, இடங்களின் பட்டியலைத் தயாரித்து நாள்களை நிரப்புவதற்கு முன்பாக, எந்த நேரத்தில் மதிலுக்குள் இருப்பது, எந்த நேரத்தில் வெளியேறிவிடுவது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாட்டுக்கு முதற்காரணம் உல்லாசக் கப்பல்கள். பழைய நகரிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள க்ரூஷ் துறைமுகத்தில் காலையில் வந்து நிற்கும் கப்பல்களின் பயணிகள் ஒன்பது மணிக்குமேல் பேருந்துகளில் பிலே வாயிலில் வந்து இறங்குகிறார்கள். மாலையில் கப்பல் புறப்படும் நேரத்தை ஒட்டி அப்படியே திரும்பிவிடுகிறார்கள். நெரிசல் தாங்காமல் நகர நிர்வாகமே கப்பல்களின் வருகைக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது என்றாலும், கோடைகாலத்துப் பகல் வேளையில் ஸ்த்ராதுன் வீதியில் தோளோடு தோள் உரசாமல் நடப்பது அரிது. எந்த நாளில் எந்தக் கப்பல் வருகிறது என்ற அட்டவணையைத் துறைமுக நிர்வாகம் முன்கூட்டியே வெளியிடுகிறது. பயணத் தேதிகளை முடிவு செய்யும்போது அதைப் பார்ப்பவர்கள் மிகவும் குறைவு. விமானக் கட்டணத்தை ஒப்பிடுவதில் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்தாலே பயன் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்க்க முடிந்தவர்களுக்குச் செப்டம்பர் பிற்பகுதி மிகப் பொருத்தமானது. மே மாதத்திலும் வானிலை இதமாகவே இருக்கும், ஆனால் கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிர்வதால் அப்போது நீர் சில்லென்றிருக்கும். நீந்த விரும்புபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நகரைச் சுற்றியுள்ள மதிலின்மேல் நடப்பதே இந்த ஊரின் தலையாய அனுபவம். அதையே பெரும்பாலோர் தவறான நேரத்தில் செய்கிறார்கள். மதிலின் சுற்றளவு 1,940 மீட்டர். சில இடங்களில் உயரம் 25 மீட்டரை எட்டுகிறது. ஏறி இறங்கும் படிகள் ஏராளம், நிழலோ அநேகமாக இல்லை. கோடையில் கல்லின் வெப்பம் கீழிருந்தும் வெயில் மேலிருந்தும் தாக்கும்போது, குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு நண்பகலில் மேலே ஏறுவது வீண் வதை. ஒரே திசையில்தான் நடக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், பாதி வழியில் மனம் மாறி வந்த வழியே திரும்பவும் இயலாது. காலையில் மதில் திறந்தவுடன் ஏறுவது முதல் தேர்வு. அது முடியாவிட்டால், மூடும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாக ஏறலாம். மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், குளிர்காலத்தில் பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள். மதிலுக்கு மட்டும் தனிச்சீட்டு வாங்குவது இன்னொரு தவறு. கோடைப் பருவத்தில் ஒருவருக்கு 35 யூரோவுக்குக் குறையாத அந்தக் கட்டணத்துக்கு ஏறக்குறைய இணையான விலையிலேயே, மதில், அருங்காட்சியகங்கள், நகரப் பேருந்து ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய துப்ரோவ்னிக் பாஸ் கிடைக்கிறது. மதிலுக்கான சீட்டிலேயே, பிலே வாயிலுக்கு வெளியே தனிப்பாறைமேல் நிற்கும் லோவ்ரியெனாட்ஸ் கோட்டைக்கும் அனுமதி உண்டு என்பதை அறியாமல், மதிலை விட்டு இறங்கியதும் சீட்டைக் கசக்கி எறிந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இடர் எல்லையில் காத்திருக்கிறது. 2023 ஜனவரி 1 அன்று குரோஷியா, தமக்கிடையே எல்லைச் சோதனையை விலக்கிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் சேர்ந்தது. அன்றே யூரோவையும் நாணயமாக ஏற்றது. ஆனால் துப்ரோவ்னிக்கிலிருந்து சுற்றுலா நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் புகழ்பெற்ற ஒருநாள் பயணங்களில் இரண்டு ஷெங்கன் பகுதிக்கு வெளியே செல்பவை: மோஸ்தார் பொஸ்னியாவில் இருக்கிறது, கோத்தோர் மாண்டினீக்ரோவில் இருக்கிறது. ஒருமுறை நுழைவுக்கு மட்டும் அனுமதிக்கும் விசாவை வைத்துக்கொண்டு காலையில் கோத்தோருக்குக் கிளம்புபவர், மாலையில் குரோஷியாவுக்குள் மீண்டும் நுழைய முடியாது. பெட்டிகள் எல்லாம் துப்ரோவ்னிக் விடுதியில் இருக்க, உரியவர் எல்லைக்கு அப்பால் நிற்பார். ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட பயணக் குறிப்புகளில் இந்த எச்சரிக்கை இருப்பதில்லை, பயணச்சீட்டு விற்பவர்களும் எல்லா நேரமும் கேட்பதில்லை. எனவே விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு அனுமதியைக் கோர வேண்டும். கோரினாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லையாதலால், கையில் வந்த விசாவைப் படித்துப் பார்த்த பிறகே அந்தப் பயணங்களுக்குப் பணம் கட்ட வேண்டும். பொஸ்னியாவும் மாண்டினீக்ரோவும் ஷெங்கன் விசா உள்ளவர்களை எந்த நிபந்தனையில் அனுமதிக்கின்றன என்பதையும் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் அப்போதைக்கு அப்போது சரிபார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம், குறைந்தது 15 நாள்களுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதும், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதும் பலருக்கும் தெரிந்தவையே.

எல்லைச் சிக்கல் இல்லாதவர்களும் கோடையில் கோத்தோர் செல்வதற்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். தொலைவு நூறு கிலோமீட்டருக்குள்தான், ஆனால் எல்லைச் சோதனைச் சாவடியில் நிற்கும் வண்டிகளின் வரிசை மணிக்கணக்கில் நீளக்கூடும். அதே நாளின் மாலையில் திரும்ப வேண்டிய விமானம் இருந்தால் அந்தப் பயணத்தை விட்டுவிடுவதே அறிவுடைமை.

பழைய தகவல்களை நம்புவதும் இதே வகையைச் சேர்ந்த தவறு. குரோஷியாவின் பழைய நாணயமான குனாவில் விலை குறிப்பிடும் எந்தக் குறிப்பும் 2023க்கு முந்தையது. அதிலுள்ள பேருந்து நேரமும் கட்டணமும் இன்று பொருந்தா. ஸ்ப்ளிட் நகரிலிருந்து சாலை வழியாக வருவோர் பொஸ்னியாவுக்குச் சொந்தமான நெயும் என்ற சிறு கடலோரத் துண்டைக் கடந்தாக வேண்டும் என்பதும் பழைய நிலைமையே. 2022 ஜூலையில் திறக்கப்பட்ட பெல்யேஷாட்ஸ் பாலம் அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டு குரோஷிய மண்ணிலேயே வர வழி செய்துவிட்டது. ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவர்கள், தாம் ஏறும் பேருந்து பாலத்தின் வழியே செல்கிறதா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். ரயிலில் வரலாம் என்று எண்ணுபவர்களும் உண்டு. துப்ரோவ்னிக்குக்கு இன்று ரயில் கிடையாது. முன்பு இருந்த குறுகிய அகல ரயில்பாதை 1970களில் மூடப்பட்டுவிட்டது.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நிகழும் தவறு வரைபடத்தின் தன்மையால் வருவது. வரைபடம் தூரத்தைக் காட்டுமே தவிர ஏற்றத்தைக் காட்டாது. ஸ்த்ராதுன் வீதியிலிருந்து வடக்கே பிரியும் சந்துகள் எல்லாம் செங்குத்தான படிக்கட்டுகள். 'மையத்திலிருந்து 150 மீட்டர்' என்று விளம்பரம் சொல்லும் அறைக்குப் போக நூறு படிகள் ஏற வேண்டியிருக்கலாம். மதிலுக்குள் வண்டிகள் வாரா, பழைய வீடுகளில் மின்தூக்கி பெரும்பாலும் இராது, உணவகங்களின் இரைச்சல் நள்ளிரவு வரை சன்னலுக்குக் கீழே கேட்கும். இத்தனையையும் தெரிந்தே, விடியற்காலையில் வெறிச்சோடிய வீதியைப் பார்ப்பதற்காக மதிலுக்குள் தங்குவது நியாயமான முடிவு. தெரியாமல் தங்குவதுதான் தவறு. மூட்டுவலி உள்ள பெற்றோரோடு வருபவர்களுக்கு லாபாத் தீபகற்பம் ஏற்றது. அங்கிருந்து பிலே வாயிலுக்கு நகரப் பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன. செலவைக் குறைக்க விரும்புபவர்கள் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள சவ்தாட் என்ற சிற்றூரில் தங்கி, படகிலோ பேருந்திலோ துப்ரோவ்னிக்குக்கு வந்து போகலாம். வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால், ஸ்தோன் ஊரின் உப்பளங்களையும் மதிலையும் பார்க்கப் போகும் நாளுக்கு மட்டும் எடுத்தால் போதும். பழைய நகரைச் சுற்றி வண்டி நிறுத்த இடம் தேடுவது பொறுமையையும் பணத்தையும் ஒருங்கே கரைக்கும்.

கடற்கரை என்றதும் நம் மனத்தில் மணல்வெளி தோன்றுவது இயல்பு. இங்கே பெரும்பாலும் கூழாங்கல்லும் பாறையும்தான். பாறை இடுக்குகளில் முள்ளெலி போன்ற கடல் முள்ளிகள் இருப்பதால் நீரில் அணியும் ரப்பர் காலணி இன்றியமையாதது. அதை ஊரிலேயே வாங்கிச் சென்றால் அங்கே இருமடங்கு கொடுக்க வேண்டியதில்லை. நீந்திவிட்டு ஈரத் துணியோடு, மேலாடையின்றி, பழைய நகருக்குள் நடந்தால் அபராதம் விதிக்கப்படும். எதிரேயுள்ள லோக்ரும் தீவுக்குப் பழைய துறைமுகத்திலிருந்து படகில் கால் மணி நேரம்தான். அந்தத் தீவில் இரவு தங்க அனுமதி இல்லை என்பதால் கடைசிப் படகின் நேரத்தைக் கரை இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நண்பகலில் நகர் நெரிந்து கிடக்கும் நேரத்தை இந்தத் தீவின் மர நிழலில் கழிப்பதைவிட நல்ல திட்டம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு தொலைக்காட்சித் தொடர் இங்கே படமாக்கப்பட்டதிலிருந்து, அதன் காட்சிகள் எடுக்கப்பட்ட படிகளை மட்டும் தேடிப் போய்ப் படம் எடுத்துத் திரும்பும் கூட்டம் பெருகிவிட்டது. அதில் குற்றம் இல்லை, ஆனால் அதனால் விடுபட்டுப் போவது மிகுதி. 1808இல் நெப்போலியனின் ஆட்சி கலைக்கும் வரை இது ராகுசா என்ற பெயரில் தனிக் குடியரசாக இருந்த நகரம். அதன் தலைவருக்குப் பதவிக்காலம் ஒரே மாதம்தான். கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருபவர்களைத் தனிமைப்படுத்த 1377இலேயே இங்கே சட்டம் இயற்றினார்கள். 1667 நிலநடுக்கம் நகரைத் தரைமட்டமாக்கிய பிறகு கட்டப்பட்டவையே ஸ்த்ராதுன் ஓரத்தில் ஒரே அளவில் அணிவகுக்கும் வீடுகள். மதில்மேல் நடக்கும்போது கூரைகளைக் கவனித்தால், வெளுத்துப்போன பழைய ஓடுகளுக்கு இடையே பளிச்சென்ற செந்நிற ஓடுகள் பரவிக் கிடப்பது தெரியும். யூகோஸ்லாவிய ராணுவத்தின் 1991-92 முற்றுகையின்போது பழைய நகரின் மூன்றில் இரண்டு பங்குக் கட்டடங்கள் குண்டுவீச்சுக்கு உள்ளாயின என்பதன் அடையாளம் அது. ஸர்ஜ் குன்றின் உச்சியிலுள்ள கோட்டையில் அந்தப் போரைப் பற்றிய அருங்காட்சியகம் இருக்கிறது. கேபிள் காரில் ஏறி அந்திச் சூரியனை மட்டும் படமெடுத்து இறங்காமல் அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். வடகிழக்கிலிருந்து வீசும் போரா காற்று பலமாக இருந்தால் கேபிள் கார் நின்றுவிடும் என்பதால், அந்தப் பயணத்தைக் கடைசி நாளுக்கு என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

உணவைப் பொறுத்தவரை, ஸ்த்ராதுனிலும் அதை ஒட்டிய ப்ரியெகோ சந்திலும் வழிமறித்து அழைக்கும் கடைகளைக் கடந்து போவது நல்லது. சைவர்களுக்கு மீன் சாறு கலவாத உணவு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கும். கீரையும் உருளைக்கிழங்கும் ஆலிவ் எண்ணெயில் வதக்கிய ப்ளித்வா பெரும்பாலான இடங்களில் கிடைக்கும். குந்துலிச் சதுக்கத்தில் காலையில் கூடும் சந்தையில் பழம் வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர்ப் புட்டிகளுக்குப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. 15ஆம் நூற்றாண்டில் ஒனோஃப்ரியோ என்ற பொறியாளர் கட்டிய நீரூற்றில் வரும் நீர் குடிக்கத் தக்கது, மதில் ஏறுமுன் அங்கே புட்டியை நிரப்பிக்கொள்ளலாம். நகரப் பேருந்துச் சீட்டை ஓட்டுநரிடம் வாங்கினால் விலை கூடுதல், கியோஸ்க்கில் வாங்க வேண்டும்.

குளிர்காலத்தில் விலை குறையும் என்பதை மட்டும் பார்த்து நவம்பர் முதல் மார்ச் வரை முன்பதிவு செய்பவர்கள், பல உணவகங்கள் அடைத்திருக்கும், தீவுகளுக்கான விரைவுப் படகுகள் பலவும் ஓடா, நேரடி விமானங்கள் வெகுவாகக் குறைந்துவிடும் என்பவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். விதிவிலக்கு பிப்ரவரி 3: நகரின் காவல் புனிதரான பிளாசியின் திருநாளன்று ஊரே வீதியில் இருக்கும், அதுவும் ஊர்க்காரர்களின் கூட்டமாக.

திரும்பும் நாளில் நிகழும் ஒரு சிறு தவறையும் சொல்லியாக வேண்டும். விமான நிலையப் பேருந்து வரும்போது பிலே வாயிலில் இறக்கிவிடுவதால், போகும்போதும் அங்கேயே வந்து நிற்கும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. சாலைகள் ஒருவழிப் பாதைகளானதால், திரும்பிச் செல்லும் பேருந்து வழக்கமாக மதிலுக்கு வடக்கே, கேபிள் கார் நிலையத்தின் அருகில் நிற்கும். பெட்டியோடு அந்த ஏற்றத்தில் நடக்க இருபது நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.