ஆழ்கடல் சார்ட்டரில் அனுபவசாலிகளே செய்யும் தவறுகள்

கரையிலும் கழிமுகத்திலும் பல வருடம் தூண்டில் போட்டுக் கைதேர்ந்தவர்கள் முதல்முறை முழுநாள் சார்ட்டர் படகில் (கேப்டனோடு வாடகைக்கு எடுக்கும் மீன்பிடிப் படகில்) ஏறும்போது, ஆரம்ப காலத்தில் எங்கள் கூட்டத்தில் நடந்த அதே தவறுகள் திரும்ப நடக்கின்றன. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். தொப்பி, குடிதண்ணீர், வழுக்காத செருப்பு என்று ஆரம்பிக்கப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரையில் நீங்கள் மீனைத் தவறவிட்டால் அது உங்கள் நஷ்டம். சார்ட்டர் படகில் ஐந்தாறு பேர் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். மீன் மேயும் நேரமோ கொஞ்சம்தான். அங்கே உங்கள் தவறுக்கு எல்லோரும் சேர்ந்து விலை கொடுக்கிறார்கள்.

டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து முடிவு செய்வது

டிராக் என்பது மீன் எவ்வளவு இழுத்தால் ரீலிலிருந்து லைன் உருவி வெளியே போகும் என்பதை முடிவு செய்யும் பிடி; ஒரு குமிழால் அதைக் கூட்டலாம், குறைக்கலாம். லைனைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, சர்ரென்று இழுத்துப் பார்த்து, "ம், சரியா இருக்கு" என்று தலையாட்டிவிட்டு ராடைத் தாங்கியில் செருகிவிடுவார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும் விஷயம் இது. ஐந்து கிலோ இழுவைக்கும் எட்டு கிலோ இழுவைக்கும் உள்ள வித்தியாசத்தை வெறும் கை சொல்லாது. ஆழ்கடலில் மீனைப் படகில் ஏற்றுவதும் இழப்பதும் பெரும்பாலும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 50 பவுண்டு பிரெய்டு (இழைகளைப் பின்னிச் செய்த லைன்) என்றால் சுமார் 23 கிலோ தாங்கும். லைன் அறுபடும் எடையில் நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் டிராக்கை வைப்பதுதான் வழக்கம். அதாவது 6 முதல் 7.5 கிலோ வரை. "இருபத்து மூணு கிலோ தாங்குற லைனுக்கு ஏழு கிலோ போதுமா? மீதி வீணாத்தானே போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு. வீணாகப் போகவில்லை. அந்த மீதி முழுக்க மீன் ஓடும்போது செலவாகிவிடுகிறது.

முதல் செலவு முடிச்சு. பிரெய்டையும் லீடரையும் (முள் பக்கம் கட்டும் தடித்த லைனையும்) இணைக்கும் முடிச்சு அவசரத்தில் போட்டதாக இருந்தால், லைனின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். சில சமயம் அதற்கும் மேல். இப்போது உங்களிடம் இருப்பது 23 கிலோ லைன் இல்லை, பதினைந்து கிலோ லைன்.

இரண்டாவது ஸ்பூல், அதாவது ரீலில் லைன் சுற்றியிருக்கும் உருளை. இதைத்தான் நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. டிராக்கின் பிடி மாறாமல் இருந்தாலும், லைன் வெளியே போகப் போக ஸ்பூலில் லைன் சுற்றியிருக்கும் வட்டம் சிறியதாகிறது. வட்டம் சிறியதாக ஆக, அதே பிடியை மீறி லைனை உருவ மீன் அதிக விசையோடு இழுக்க வேண்டும். வட்டத்தின் விட்டம் பாதியானால் லைன்மேல் விழும் இழுவை இரண்டு மடங்கு. கரையில் 7 கிலோவுக்கு வைத்த டிராக், நீங்கள் குமிழைத் தொடாமலேயே 14 கிலோ ஆகிவிட்டது. முடிச்சு தாங்குவது பதினைந்து.

மூன்றாவது தண்ணீர். 200 மீட்டர் லைன் கடலுக்குள் வளைந்து கிடக்கும்போது தண்ணீரே அதைப் பிடித்து இழுக்கிறது. மீன் திசை மாற்றி ஓடினால் இந்த இழுவை இன்னும் ஏறும். ராடு நன்றாக வளைந்திருந்தால் வளையங்களில் உரசுவதும் இதோடு சேரும்.

ஆக, மீன் ஸ்பூலைக் காலி செய்துகொண்டிருக்கும் நேரத்தில் டிராக்கை இறுக்கக் கூடாது. கொஞ்சம் தளர்த்தத்தான் வேண்டும். பதறிய கை செய்வதோ நேர் எதிர்.

ஒருமுறை எங்கள் படகில் ஒருவர் வந்தார். கரையிலிருந்து பெரிய பாறை மீன்களைப் பிடித்துப் பெயர் எடுத்தவர், உண்மையிலேயே திறமைசாலி. விடிந்த கொஞ்ச நேரத்தில் மஞ்சள்துடுப்புச் சூரைக் கூட்டம் மேலே வந்து தண்ணீரைக் கொதிக்க வைத்தது. அவர் பாப்பரை (தண்ணீர்மேல் சத்தமெழுப்பும் செயற்கை இரையை) வீசிய இடமும் தூரமும் அவ்வளவு கச்சிதம். மீன் அடித்தது. முதல் ஓட்டத்தில் நூறு மீட்டருக்கு மேல் போயிருக்கும். அப்புறம் சூரைக்கே உரிய வழக்கப்படி நேராக ஆழத்துக்கு இறங்கியது. நாங்கள் எல்லோரும் எங்கள் லைனைச் சுருட்டிக்கொண்டு அவருக்கு வழிவிட்டோம். ஸ்பூலின் அடிப்பாகம் லேசாகத் தெரிய ஆரம்பித்தது. அவர் கை ரீலின் முன்பக்கக் குமிழுக்குப் போனது. டிக், டிக், டிக். ஒவ்வொரு டிக்குக்கும் ராடு நுனி இன்னும் கொஞ்சம் தண்ணீருக்குள் வளைந்தது. லைனிலிருந்து தெறித்த துளிகள் அவர் கண்ணாடி முழுக்க. மேலேயிருந்து கேப்டன் "தொடாதீங்க, விடுங்க" என்று கத்துகிறார். இன்னொரு டிக். பட்டென்று ஒரு சத்தம், ராடு நிமிர்ந்துவிட்டது.

அதற்குள் சூரைக் கூட்டம் கீழே போய்விட்டது. மற்ற நாலு பேரும் தூண்டில் போடாமல் நின்ற அந்த அரை மணி நேரம்தான் அன்றைக்கு மீன் மேலே இருந்த நேரம். பிறகு மத்தியானம் வரை தேடியும் அது மாதிரி ஒரு கூட்டம் கிடைக்கவில்லை. எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. வாயில் மூன்று முனை முள்ளோடு ஒரு பாப்பரையும், பின்னால் தொங்கும் லீடரையும் இழுத்துக்கொண்டு அந்த மீன் போனது. அது எத்தனை நாள் பிழைத்திருக்கும்?

"லைன் மட்டம்" என்றார் அவர். அவரிடம் மிஞ்சிய பிரெய்டின் நுனியைப் பார்த்தோம். முடிச்சு இருந்த வளைவுகள் அப்படியே சுருள்சுருளாக இருந்தன. அப்படிச் சுருண்டிருந்தால் லைன் அறவில்லை, முடிச்சு உருவிக்கொண்டது என்று அர்த்தம். பாறையிலோ படகின் அடியிலோ உரசியிருந்தால் நுனி பிசிறு பிசிறாகப் பஞ்சாகியிருக்கும். பல் பட்டிருந்தால் கத்தரித்த மாதிரி சுத்தமாக இருக்கும். லைனைத் திட்டுவதற்கு முன்னால் நுனியைப் பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும்.

சரி, எப்படி அளப்பது? பெட்டி எடை பார்க்கும் சாதாரணக் கைத்தராசு போதும். லைனை ராடு வளையங்கள் வழியாகக் கோர்த்து, ராடை 45 பாகை சாய்வில் ஒருவர் பிடிக்க, இன்னொருவர் நுனியைத் தராசில் கட்டி மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். லைன் நகர்ந்துகொண்டிருக்கும்போது காட்டும் எடைதான் உங்கள் டிராக். நகர ஆரம்பிக்கும் அந்த முதல் நொடியில் எடை சட்டென்று ஏறி அப்புறம் விழுகிறதா என்று கவனியுங்கள். ரொம்ப ஏறினால் டிராக் வாஷர் (ரீலுக்குள் உரசிப் பிடி தரும் தட்டு) ஒட்டிக்கொள்கிறது. மீன் அடிக்கும் நொடியில் லைன் அறுந்து போவது இதனால்தான். வாஷரைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் போடாமல் அந்த ரீலைக் கடலுக்குக் கொண்டுவராதீர்கள்.

குமிழுக்குப் பதில் லீவரால் பிடியை மாற்றும் லீவர் டிராக் ரீல் என்றால் லீவர் 'ஸ்ட்ரைக்' என்று குறித்த இடத்தில் இருக்கும்போது அளக்க வேண்டும். அளவை மாற்ற வேண்டுமானால் லீவரை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டு, அதன் பிறகே அளவை முன்கூட்டி வைக்கும் பிரீசெட் குமிழைத் திருப்புங்கள். மாற்றிய பிறகு ஸ்பூல் தடையில்லாமல் சுற்றுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அப்படியானால் மீன் நிற்காமல் ஓடினால் என்ன செய்வது? கேப்டனிடம் சொல்வது. படகுக்கு எஞ்சின் இருக்கிறது, மீனைத் துரத்திப் போக முடியும். கரையில் பழகியவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது, ஏனென்றால் கரை நகராது. பத்து மீட்டருக்கு ஒருமுறை நிறம் மாறும் லைன் போட்டிருந்தால் எவ்வளவு போயிருக்கிறது என்பதை அந்தந்த நொடியே சொல்லலாம். "பாதி போச்சு, திருப்புங்க" என்று ஒரு வார்த்தை போதும். கொஞ்ச நேரத்துக்குக் கூடுதல் பிடி வேண்டுமானால், உறை போட்ட கையால் ஸ்பூலின் விளிம்பை மென்மையாக அணைத்துப் பிடியுங்கள். மீன் திமிறினால் கையை எடுத்துவிடலாம், டிராக் பழைய அளவுக்கே வந்துவிடும். குமிழைத் திருகினால் எத்தனை டிக் என்ற நினைவு யாருக்கும் இருப்பதில்லை.

முடிச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சை வீட்டில், விளக்கு வெளிச்சத்தில், ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டு வாருங்கள். கையில் துணி சுற்றிக்கொண்டு பலமாக இழுத்தால், பிரெய்டு லீடருக்குள் இறுகி நிறம் கறுத்துத் தெரியும். நிறம் மாறாத எஃப்ஜி இன்னும் இறுகாத எஃப்ஜி.

ஒரே நாளில் எல்லாம் வேண்டும் என்பது

காலையில் பாப்பரோடு பாப்பிங், அப்புறம் ஜிக் எனும் கனமான உலோக இரையை ஆழத்தில் ஆட்டும் ஜிக்கிங், மத்தியானம் அடிமட்டத்தில் களவாவும் சங்கராவும், திரும்பும்போது, ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துப் போகும் டிரோலிங்கில் ஒரு மயில்மீன். பட்டியல் அழகாகத்தான் இருக்கிறது. நேரத்தைக் கணக்குப் போடுங்கள். 40 கடல் மைல் தூரத்தில் இருக்கும் திட்டுக்கு 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போக 2 மணி நேரம், வர 2 மணி நேரம். பத்து மணி நேரச் சார்ட்டரில் மிச்சம் ஆறு. ஒவ்வொரு முறை பாணி மாற்றும்போதும் எல்லோரும் ராடு மாற்றி, கேப்டன் இடம் மாற்றி, குறைந்தது அரை மணி நேரம் போகும். ஒரு முக்கிய நோக்கம், அது சரிவரவில்லை என்றால் ஒரு மாற்று. புறப்படுவதற்கு முந்தைய நாளே கேப்டனிடமும் மற்றவர்களிடமும் பேசி முடிவு செய்துவிடுங்கள். படகில் ஏறிய பிறகு வாக்கெடுப்பு நடத்தினால் அதற்கும் எரிபொருள் எரியும்.

மீனைப் படகில் வைத்துக்கொள்வதா, திருப்பி விடுவதா என்பதையும் அப்போதே கேளுங்கள். இதில் கேப்டன்களுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு.

ஆளுக்கொரு தடிமனில் லைன்

ஜிக்கிங்கில் படகு நீரோட்டத்தோடு மிதந்துகொண்டே போகும். மெல்லிய லைன் தண்ணீரை வெட்டி நேராக இறங்கும். தடித்த லைன் நீரோட்டத்தில் வயிறு தள்ளிக்கொண்டு சாய்ந்து போகும். பக்கத்துப் பக்கத்தில் இந்த இரண்டும் இருந்தால் அடியில் பின்னிக்கொள்ளாமல் இருக்காது. ஜிக்கின் எடையிலும் இதே கதைதான். ஒருவர் 150 கிராமும் பக்கத்தில் நிற்பவர் 300 கிராமும் போட்டால் நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு முடிச்சு நிச்சயம். உங்களுக்குப் பிடித்த மெல்லிய லைனில் உங்களுக்கு நல்ல பழக்கம் இருக்கலாம். ஆனால் அன்றைக்குப் படகில் பெரும்பாலானவர்கள் எதைப் போடுகிறார்களோ அதற்கு ஒத்துப் போங்கள். இல்லையென்றால் பின்பக்க மூலையில் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேப்டன் "போடு" என்ற பிறகு ஜிக் மாற்றுவது

1 நாட் நீரோட்டத்தில் படகு நிமிடத்துக்கு 30 மீட்டர் நகர்கிறது. கடலடியில் கேப்டன் பார்த்த பாறை முகடே பல சமயம் அவ்வளவுதான் இருக்கும். ஒரு நிமிடம் தாமதமாக இறக்கினால் வெறும் மணலில் ஜிக் ஆட்டுவீர்கள். அவர் "எடு" என்றால் உடனே எடுக்கவும் வேண்டும். உங்கள் லைன் ஒன்று கீழே இருந்தாலும் அவர் படகைத் திருப்ப முடியாது.

சர்க்கிள் ஹூக்கைச் சுண்டி இழுப்பது

பழகிய கைக்கு இதை விடுவது கஷ்டம் என்பது புரிகிறது. ஆனால் முனை உள்பக்கம் வளைந்த முள் இது. சுண்டினால் மீனின் வாயிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். ராடை மீன் இருக்கும் பக்கம் தாழ்த்தி, லைன் இறுகும் வரை சுருட்டிக்கொண்டே இருங்கள். முள் தானாகத் திரும்பி வாயின் ஓரத்தில் மாட்டும்.

ராடை இன்னொருவரிடம் கொடுப்பது

சாதனைப் பதிவில் ஆசை இருந்தால் கொடுக்காதீர்கள். தூண்டில் மீன்பிடிப்பின் உலக சாதனைகளைப் பதிவு செய்யும், 1939ல் தொடங்கப்பட்ட ஐஜிஎஃப்ஏ அமைப்பின் விதிப்படி, போராட்டத்தின் நடுவில் வேறொருவர் ராடையோ ரீலையோ தொட்டாலே அந்த மீன் கணக்கில் வராது.

படகுக்கு அடியில் மீன் இருக்கும்போது ராடைச் செங்குத்தாக நிமிர்த்துவது

உடையும்.

லீடரைக் கையில் சுற்றிப் பிடிப்பது

வேண்டாம். அது உதவியாளின் வேலை. அவர் உறை போட்டிருக்கிறார், எப்போது விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

குமட்டல் வந்த பிறகு மாத்திரை

பெரும்பாலும் பயனில்லை. மருத்துவரிடம் முன்பே கேட்டு, கிளம்புவதற்கு முன்னால் போடுங்கள்.

பிடித்த சூரையை வெயிலில் கிடத்திப் படம் எடுப்பது

சூரை மற்ற மீன்களைப் போல இல்லை. அதன் உடம்பு சுற்றியிருக்கும் தண்ணீரைவிடச் சூடானது. நீண்ட நேரம் போராடிய சூரை இன்னும் சூடாக இருக்கும். டெக்கில் கிடத்தி ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டிருந்தால் சதை உள்ளேயே வெந்த மாதிரி வெளுத்து, குழைந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, சூடு தணியாத சூரையில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமைனை உண்டாக்குவது. சாப்பிட்டால் முகம் சிவக்கும், தலைவலி, வாந்தி எல்லாம் வரும். எவ்வளவு வேகவைத்தாலும் ஹிஸ்டமைன் அழியாது. முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

படகில் ஏற்றியதும் தலையில் ஒரே அடி. மார்புத் துடுப்புக்கு இரண்டு மூன்று விரல் பின்னால், பக்கவாட்டில் ஒரு ஆழமில்லாத வெட்டு, அடுத்த பக்கமும் அதேபோல். அங்கே பெரிய ரத்தக் குழாய் தோலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. ரத்தம் வடிந்ததும் குடலும் செவுளும் நீக்கி, ஐஸும் கடல்நீரும் கலந்த தொட்டியில் முழுக்க மூழ்க வையுங்கள். வெறும் ஐஸ்கட்டிமேல் வைத்தால் படுகிற இடம் மட்டும்தான் குளிரும். ஐஸ் கலந்த நீர் மீனைச் சுற்றி எல்லாப் பக்கமும் தொடும். படம் எடுக்க வேண்டுமா, மீன் மேலே வருவதற்கு முன்னாலேயே கேமராவோடு ஒருவரை நிறுத்தி வையுங்கள். புறப்படும்போதே தொட்டியில் எவ்வளவு ஐஸ் இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். போதாது என்றால் படகு கட்டியிருக்கும்போதே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.