கோடையில் கணக்கு: திணறும் பிள்ளைக்கு நாம் செய்துவிடும் தவறுகள்

ஏப்ரலில் தேர்வு முடிந்ததும், கணக்கில் திணறும் பிள்ளையின் வீட்டில் அடுத்த வகுப்புப் பாடப்புத்தகத்தை யாரிடமாவது கேட்டு வாங்கி, பள்ளி திறப்பதற்குள் முதல் இரண்டு பாடங்களையாவது முடித்துவிட வேண்டும் என்று டியூஷனுக்கு அனுப்பிவைப்பார்கள். அக்கறையால் செய்கிற காரியம்தான். ஆனாலும் கோடையில் நேரும் தவறுகளில் இதுவே பெரியது என்று கருதுகிறேன். எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகும் பிள்ளைக்குப் பல்லுறுப்புக் கோவைகள் பிடிபடாததன் காரணம், பெரும்பாலும் கீழ் வகுப்பில் விட்டுப்போன பின்னங்களிலோ, குறை எண்களிலோ, சில நேரம் தொடக்கப் பள்ளிக் கழித்தலிலோ இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புரியாமல் விட்ட பாடமும் பிள்ளையோடு சேர்ந்தே மேல் வகுப்புக்கு வந்துவிடுகிறது.

ஆகவே விடுமுறையின் முதல் வாரத்தில் எந்தப் பாடத்தையும் நடத்தாமல், எங்கே இடறியது என்று மட்டும் பாருங்கள். நான்கு கேள்விகளே நிறையச் சொல்லிவிடும்: 503-லிருந்து 278-ஐக் கழிப்பது, 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டுவது, 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்பது; 8 + 4 = □ + 5 என்பதில் கட்டத்துக்குள் என்ன வரும் என்பது.

தவறான விடைக்குச் சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டுவிட்டு நகர்வது அடுத்த தவறு. முதல் கேள்விக்கு 375 என்று எழுதிய பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. கடன் வாங்குவது விளங்காததால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது. 2/5 என்று எழுதுவது, பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல் மேலும் கீழுமாக இரண்டு எண்களாகப் பார்ப்பதால். 35 பெரிது, 4 சிறிது என்பதால் 0.35-ஐப் பெரிதென்பது இடமதிப்புப் பிசகு. கடைசிக் கேள்விக்கு 7 என்று எழுத வேண்டிய இடத்தில் 12 என்று எழுதும் பிள்ளை, சமக்குறியை ‘இங்கே விடையை எழுது’ என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. தராசுபோல இரு புறமும் சமமாக நிற்கிறது என்ற எண்ணம் வராத வரை, சமன்பாட்டில் ஒரு புறமிருந்து மறுபுறம் கொண்டுபோவதெல்லாம் அதற்கு மந்திரமாகவே தோன்றும். எப்படி இந்த விடை வந்தது என்று கோபமில்லாமல் கேட்டால், பிள்ளையே சொல்லிவிடும்.

குறுக்கு விதிகளைப் பொருள் சொல்லாமல் மனப்பாடம் செய்விப்பதும் கெடுதல்தான். ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்று மட்டும் கற்ற பிள்ளை, -3 - 5 என்பதற்கு +8 என்று எழுதுகிறது. பெருக்கலுக்குரிய விதி எல்லா இடத்துக்கும் பரவிவிடுகிறது. எண்கோட்டில் -3-இல் நின்று இடப்பக்கம் ஐந்து தப்படி நகரச் சொன்னால் -8 கண்முன்னே தெரியும். பின்னங்களுக்குச் சமையலறை அளவைகள் போதும். (காலில் பாதியை அரைக்கால் என்று சொல்லும் மொழி நம்முடையது; 1/2 × 1/4 = 1/8 என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.)

வாய்ப்பாடு தெரியவில்லை என்று கடிந்துகொள்வதும், கால்குலேட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடுவதும் ஒருசேரத் தவறு. ஏழேழு 49 என்று தெரிந்த பிள்ளையிடம், அதோடு இன்னொரு ஏழைச் சேர்த்தால் ஏழெட்டு 56 என்று காட்டினால், மறந்தாலும் தானே மீட்டுக்கொள்ளும் வழி கிடைத்துவிடுகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிட, வெயில் ஏறுமுன் தினமும் அரைமணி நேரம் மேல். நோட்ஸைப் பார்த்துத் தீர்த்த கணக்குகளைப் படியெடுப்பதைப் பயிற்சி என்று எண்ண வேண்டாம். விடையை மூடிவைத்துவிட்டு அதே கணக்கை மறுநாள் செய்ய முடிகிறதா என்பதே அளவுகோல்.

‘எனக்கும் கணக்கு வராது, இவளுக்கும் வராது’ என்று பிள்ளையின் காதுபடச் சொல்லும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. ஆறுதலாகச் சொன்னதுதான் என்றாலும், முயல வேண்டாம் என்ற அனுமதியாகவே அது பிள்ளையிடம் போய்ச் சேருகிறது. வேறொரு பக்கம், பத்து வயதுக்கு மேலும் சின்னக் கூட்டலுக்கு விரலை நம்பியே இருந்து, பல மாதப் பொறுமையான பயிற்சிக்குப் பிறகும் மாற்றமே இல்லையென்றால், சோம்பல் என்று முடிவுகட்டிவிடாமல், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று அத்துறை வல்லுநரிடம் காட்டுவதே முறை.

பள்ளி திறந்த அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது பலரும் கவனிக்காத தவறு. முதல் வாரத்திலேயே கணக்கு ஆசிரியரைச் சந்தித்து, ‘பின்னக் கூட்டல் வந்துவிட்டது, குறை எண்களில் இன்னும் தடுமாறுகிறாள்’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், அதை அவர் தாமாகக் கண்டுபிடிப்பதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிடும்.