"எப்போ முடியும்?" என்று கேட்டால் என்ன சொல்வது? அஜைல் டீமில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

முதல் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, மேனேஜர் நாற்காலியை என் பக்கம் திருப்பி, "லாகின்ல ஓடிபி சேர்க்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார். யோசிக்கும் முன்னே வாய் முந்திக்கொண்டது. "ரெண்டு நாள் சார்." பதினொன்று ஆனது. கோடு எழுதியது ஒன்றரை நாள்தான், மிச்சமெல்லாம் எஸ்எம்எஸ் வாசகத்துக்கு ஒப்புதல் வரக் காத்திருந்ததிலும், ஓடிபி தாமதமாக வந்தால் என்ன செய்வது என்று கடைசி நேரத்தில் உட்கார்ந்து பேசியதிலும், என் லேப்டாப்பில் ஓடியது டெஸ்டிங் சர்வரில் ஓடாததிலும் போனது. அத்தனை நாளும் காலையில் டீம் நின்றுகொண்டே பேசும் ஸ்டாண்ட்அப் மீட்டிங்கில் "நாளைக்கு முடிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது நாகர்கோவிலில் ஐந்து பேர் கொண்ட ஒரு சின்ன அஜைல் டீமில் இருக்கிறேன், அதாவது வேலையைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக முடித்துக் காட்டும் டீம். தோவாளை பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒருவருக்குக் கணக்கு ஆப் செய்கிறோம். வேலை எவ்வளவு பெரியது என்று கணிக்கும் எஸ்டிமேஷன் மீட்டிங்கில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து எண் சொல்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்காகத்தான் அந்த ஆப்பையே உதாரணமாக வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு பஸ் கணக்கு

வடசேரி பஸ் ஸ்டாண்டில் நாலு பேரிடம் "மார்த்தாண்டம் போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேளுங்கள், நாலு பதில் வரும். ஒருவர் ஞாயிறு காலையை நினைத்துச் சொல்வார், இன்னொருவர் முகூர்த்த நாளை நினைத்துச் சொல்வார், பைக்கில் போகிறவர் கணக்கு வேறு. அதே நாலு பேரிடம் தக்கலை தூரமா, மார்த்தாண்டம் தூரமா என்று கேட்டால் பேச்சே இல்லை. தக்கலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மார்த்தாண்டம் என்று எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள்.

அஜைலில் ஒவ்வொரு வேலைத் துண்டையும் ஸ்டோரி என்பார்கள். அதற்குப் போடும் ஸ்டோரி பாயிண்ட் என்பது இந்தத் தூரம்தான், நேரம் இல்லை. ஒரு வேலை எவ்வளவு பெரியது, எவ்வளவு சிக்கலானது, அதில் நமக்குத் தெரியாதது எவ்வளவு, இந்த மூன்றையும் சேர்த்து இன்னொரு வேலையோடு ஒப்பிட்டுப் போடும் எண். நேரத்தை அப்புறம், டீம் இதுவரை ஓடிய வேகத்தை வைத்துக் கண்டுபிடிப்போம்.

(அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரம் என்றாலே ஸ்டோரி பாயிண்ட் போட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதன் விதிகளைச் சொல்லும், 2020-ல் வந்த ஸ்க்ரம் கைடில் அந்தச் சொல்லே கிடையாது. வேலையின் அளவை அதைச் செய்யப்போகிறவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. பாயிண்ட் ஒரு வசதி, அவ்வளவுதான்.)

படி 1: வேலையை ஒரு ஆளோடு சேர்த்து எழுதுங்கள்

"ரசீது மாட்யூல்" என்று எழுதி வைத்தால் அதை யாராலும் அளக்க முடியாது. யாருக்கு, என்ன, எதற்கு என்ற மூன்றும் வர வேண்டும். நாங்கள் எழுதியது இது: "பூ கொண்டுவரும் விவசாயிக்கு அன்றைய எடை, விலை, கமிஷன் பிடித்தம் மூன்றும் வாட்ஸ்அப்பில் சீட்டாகப் போக வேண்டும், அவர் கடையில் காத்துக் கிடக்காமல் வீட்டுக்குப் போகலாம்." கீழே, எதெல்லாம் நடந்தால் இது முடிந்ததாகக் கணக்கு என்று இரண்டு மூன்று வரி. இந்த இரண்டு மூன்று வரியை எழுதச் சோம்பல் படாதீர்கள், பின்னால் வரும் சண்டையில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

படி 2: ஒரு அளவுகோல் ஸ்டோரியைப் பிடியுங்கள்

டீமில் எல்லாருக்கும் தெரிந்த, ஏற்கெனவே செய்து முடித்த, சின்ன வேலை ஒன்றை எடுங்கள். எங்களுக்கு அது பூ வகைப் பட்டியலில் புதுப் பெயர் சேர்க்கும் பக்கம். பிச்சி, மல்லி, கேந்தி, வாடாமல்லி இருக்கும் பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்துச் சேமிப்பது. அதற்கு 2 என்று வைத்தோம். ஏன் 1 வைக்கவில்லை என்றால், அதைவிடச் சின்னது நாளைக்கு வரும், அதற்கு இடம் வேண்டும். இனி எந்த ஸ்டோரி வந்தாலும் கேள்வி ஒன்றே: பூப் பட்டியலைவிட இது எத்தனை மடங்கு?

படி 3: சீட்டு எடுத்து விளையாடுங்கள்

இதற்குப் பெயர் பிளானிங் போக்கர். 2002-ல் ஜேம்ஸ் கிரெனிங் என்பவர் எழுதி வைத்த முறை. விலை கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டாம், நாங்கள் வீட்டில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிப் பின்பக்கத்தில் 1, 2, 3, 5, 8, 13, 20 என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதினோம். எண்கள் போகப் போக இடைவெளி பெரிதாவதைப் பாருங்கள். சின்ன வேலையில் 2-க்கும் 3-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், பெரிய வேலையில் 14-ஆ 15-ஆ என்று பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தம் இல்லை.

ஒருவர் ஸ்டோரியை வாசிப்பார். சந்தேகம் கேட்கலாம். அப்புறம் ஆளுக்கொரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். இந்த "ஒரே நேரத்தில்" என்பதை விட்டுவிட்டால் மொத்தமும் வீண். சீனியர் ஒருவர் முதலில் "இதெல்லாம் ஒரு 3 தான்" என்று சொல்லிவிட்டால், 8 நினைத்தவர்கூட 3-ஐத்தான் எடுப்பார். நானே எடுத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப் சீட்டு ஸ்டோரிக்கு நாங்கள் திருப்பியபோது வந்தது 3, 5, 5, 8, 13. சராசரி எடுத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். எடுக்காதீர்கள். குறைவாகச் சொன்னவரையும் அதிகமாகச் சொன்னவரையும் பேசவிடுங்கள், மீட்டிங் போடுவதே அதற்குத்தான்.

3 போட்டது புதிதாகச் சேர்ந்த தம்பி. "அண்ணே, லைப்ரரி இருக்கு, மெசேஜ் அனுப்புறது ரெண்டு வரி கோடு" என்றான். தப்பில்லை. 13 போட்டது டெஸ்டர் அக்கா. அவர் போன வாரம் விடியற்காலையில் சந்தைக்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்தவர். "மக்கா, பூவை எடை போடும்போ விலை கெடையாது கேட்டியா? மூட்டை மூட்டையா எடை போட்டு எழுதி வச்சிருவாங்க. அப்புறமாத்தான் அன்னைக்கு ரேட்டு முடிவாகும், சில நாள் அதையும் மாத்துவாங்க. நீ அனுப்புன சீட்டைத் திருத்தி மறுபடி அனுப்பணும்னா என்ன செய்வ?" தம்பி தன் 3-ஐப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். 8 போட்டது நான், என் காரணம் பழைய சூடு: நிறுவனம் தானாக முதலில் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திக்கு வாசகத்தை முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும், அந்த ஓடிபி கதையை நான் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது தடவை திருப்பினோம். மூன்று 13, இரண்டு 8. பத்து நிமிடத்தில், கோடு ஒரு வரி எழுதும் முன்னே, விலை பிறகுதான் முடிவாகும் என்ற விஷயம் டீம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. என்னைக் கேட்டால் கடைசியில் எழுதும் எண்ணைவிட இதுதான் லாபம். மூன்று சுற்று போயும் ஒத்துவராவிட்டால் பெரிய எண்ணை எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், டீ ஆறிவிடும்.

படி 4: பெரியதை உடையுங்கள்

எங்கள் வழக்கம், 8-க்கு மேல் போனால் அப்படியே ஸ்பிரிண்டுக்குள், அதாவது எங்கள் இரண்டு வார வேலைச் சுற்றுக்குள், எடுப்பதில்லை. உடைக்கும்போது புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று: டேட்டாபேஸ் ஒரு ஸ்டோரி, ஏபிஐ ஒரு ஸ்டோரி, ஸ்கிரீன் ஒரு ஸ்டோரி என்று அடுக்கடுக்காக வெட்டுவது. மூன்றும் முடிந்தால்தான் கடைக்காரருக்குப் பயன், இரண்டு முடிந்து ஒன்று நின்றால் கையில் ஒன்றுமில்லை. பயன்படுத்துகிறவர் பக்கமிருந்து வெட்டுங்கள். நாங்கள் மூன்றாக்கினோம்: விலை முடிவான பிறகு சீட்டை ஆப்பில் காட்டுவது (5), அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது (5), விலை மாறினால் திருத்திய சீட்டு அனுப்புவது (5). கூட்டினால் 15 வருகிறதே, 13 தானே இருந்தது என்று யாராவது கேட்பார்கள். உடைத்த பிறகு தெளிவாகத் தெரிகிறது, அதனால் கூடியது. பழைய எண்ணுக்காக எதையும் குறைக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் ஒப்புதல் எப்படி நடக்கும் என்று யாருக்குமே தெரியாமல் இருந்தது. அப்படிப்பட்டதற்கு பாயிண்ட் போடாமல் "ஒரு நாள், அதற்கு மேல் இல்லை" என்று ஒருவரை உட்கார வைத்துத் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். இதை ஸ்பைக் என்பார்கள்.

படி 5: வேகத்தை அளங்கள், ஊகிக்காதீர்கள்

முதல் ஸ்பிரிண்டில் உங்கள் வேகம் என்ன என்று யாருக்கும் தெரியாது. ஸ்டோரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, "இதையும் சேர்த்து இரண்டு வாரத்தில் முடிப்போமா?" என்று டீமைக் கேளுங்கள், முகம் சுருங்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்பிரிண்ட் முடிந்ததும், முழுவதுமாக முடிந்த ஸ்டோரிகளின் பாயிண்டை மட்டும் கூட்டுங்கள். 90 சதவீதம் முடிந்த 5 பாயிண்ட் ஸ்டோரிக்கு 4.5 கிடையாது, பூஜ்யம். கறாராகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மிச்சப் பத்து சதவீதத்தில்தான் என் ஒன்பது நாளும் ஒளிந்திருந்தது.

எங்களுக்கு மூன்று ஸ்பிரிண்டில் வந்தவை 14, 21, 17. சராசரி 17 சொச்சம்.

இந்த எண்ணை வெளியே காட்டும்போது ஜாக்கிரதை. "அந்த டீம் 40 எடுக்குது, நீங்க ஏன் 17?" என்று ஒருவர் கேட்டால், அடுத்த மாதமே நீங்கள் 34 எடுப்பீர்கள், பூப் பட்டியல் 4 பாயிண்ட் ஆகியிருக்கும். அவர்கள் அளவுகோல் வேறு, உங்களுடையது வேறு.

படி 6: காலண்டரைத் திறங்கள்

இதை எல்லாரும் மறப்பார்கள், முக்கியமாக நம் மாவட்டத்தில். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், மண்டைக்காடு மாசிக் கொடை என்று நமக்கு உள்ளூர் விடுமுறைகள் இருக்கின்றன, சென்னையிலிருந்து வரும் காலண்டரில் இதெல்லாம் இருக்காது. கணக்கு இப்படி: ஐந்து பேர், பத்து வேலை நாள், மொத்தம் 50 ஆள்நாள். மண்டைக்காட்டுக்கு ஒரு நாள் எல்லாரும் விடுமுறை, 5 போனது. ஒருவருக்கு வீட்டில் கல்யாணம், 3 போனது. மிச்சம் 42, அதாவது 84 சதவீதம். 17-ல் 84 சதவீதம் 14. அந்த ஸ்பிரிண்டுக்கு 14 பாயிண்ட்தான் எடுக்க வேண்டும். திருவிழாவுக்கும் போய்விட்டு 17-ஐயும் முடிக்கலாம் என்று ஒரு தடவை முயன்றோம், கடைசி இரண்டு நாள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஆபீசில் பரோட்டா தின்றதுதான் மிச்சம்.

படி 7: தேதி கேட்டால்

இப்போது கடைக்காரர் கேட்டார்: "தம்பி, ஓணத்துக்கு முன்னாடி கெடைக்குமா?" தோவாளைக்கு ஓணம் சின்ன விஷயம் இல்லை. திருவோணத்துக்கு முன் பத்து நாள் கொண்டாட்டம் தொடங்கும் அத்தம் வந்துவிட்டால் கேரளாவுக்கு லோடு லோடாகப் பூ போகும், அந்தப் பத்து நாளில் புது ஆப்பைக் கையில் கொடுத்தால் அடிக்க வருவார். அதனால் எங்கள் கடைசி நாள் திருவோணம் இல்லை, அத்தத்துக்கு ஒரு வாரம் முன்பு.

பாக்கி 84 பாயிண்ட். நல்ல வேகமான 21-ஆல் வகுத்தால் 4 ஸ்பிரிண்ட், மோசமான 14-ஆல் வகுத்தால் 6. அதாவது எட்டு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம். அவரிடம் ஒற்றைத் தேதி சொல்லாமல் இந்த இரண்டையும் சொன்னோம். கையில் இருந்தது பத்து வாரம், ஐந்து ஸ்பிரிண்ட். மோசமான வேகத்தில் ஓடினாலும் 70 பாயிண்ட் முடியும், 14 வெளியே நிற்கும்.

ஸ்டோரிகளை அவர் முன்னால் மேசையில் பரப்பி, எது கடைசியில் போகலாம் என்று அவரையே அடுக்கச் சொன்னோம். நாங்கள் ஆசையாக வைத்திருந்த மாதாந்திர வரைபடங்களும், எட்டு பாயிண்ட் போட்ட எக்ஸெல் ரிப்போர்ட்டும் முதலில் ஓரத்துக்குப் போயின. "அது கெடக்கட்டும் தம்பி, ஓணம் கழிஞ்சு பாப்போம். விலை மாறுனா திருத்துன சீட்டு போகும்லா, அதை முன்னாடி வைங்க." வரிசையில் ஒன்பதாவதாக இருந்ததை எடுத்து அவரே இரண்டாவதாக வைத்தார். டெஸ்டர் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.