சிங்கப்பூரிலிருந்து திரங்கானு வரை: கிழக்குக் கரையோரக் கார்ப் பயணத்தை முதன்முறையாகத் திட்டமிடுவது எப்படி?

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவர்களில் பலர் ஜோகூர் பாருவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே காரில் மெர்சிங், குவாந்தான் வழியாகக் குவாலா திரங்கானு வரை தென்சீனக் கடலோரமாகச் சென்று வர நான்கு நாள் போதும். இரு நாடுகளிலும் வண்டி இடப்பக்கமாகவே ஓடுவதால், எல்லை தாண்டி ஓட்டிப் பழகாதவர்களுக்கும் இது ஏற்ற பாதை. கடல் தெரியும் பகுதியைப் பகலில், சரியான திசையில் கடக்கும்படி நாள்களை அமைத்துக்கொள்வதுதான் இங்கே முக்கியமான வேலை.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையை நேராகத் தாக்கும். கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் வெள்ளத்தால் சாலைகள் மூடப்படுவதும், தீவுகளுக்குச் செல்லும் படகுகள் நிற்பதும் அப்போது வழக்கம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும். டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில்தான் வர முடியும் என்பவர்கள் மேற்குக் கரைக்குப் போவதே நல்லது.

படி 2: ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களைத் தவிர மற்றவர்களில் பெரும்பாலோர், மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் அன்றைய விசா விதியையும், சிங்கப்பூருக்குத் திரும்பி வருவதற்கான தங்கள் அனுமதி அட்டையின் காலாவதித் தேதியையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

காருக்குத் தனி ஆவணம் தேவை. விஇபி எனப்படும் வாகன நுழைவு அனுமதிக்கு மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் பதிந்து, அதற்கான வில்லையைக் காரில் ஒட்டிச் செயல்படுத்த வேண்டும். 2025 ஜூலை 1 முதல், இது இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது. ஒவ்வொரு நுழைவுக்கும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் உண்டு. அதற்கும் வழியிலுள்ள சுங்கச் சாவடிகளுக்குமாக டச் என் கோ அட்டையில் பணம் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிங்கப்பூர் வாகனக் காப்புறுதிகள் மேற்கு மலேசியாவுக்கு (அதாவது, இந்தக் கிழக்குக் கரையும் அடங்கிய தீபகற்பத்துக்கு) செல்லுபடியாகும் என்றாலும், உங்களுடையதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. வாடகைக் காராக இருந்தால், எல்லை தாண்ட அந்த நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி கட்டாயம் வேண்டும்.

படி 3: திசையை முடிவு செய்யுங்கள்

வழிகாட்டிக் குறிப்புகள் பெரும்பாலும் தொடாத இடம் இது. ஜோகூர் பாருவிலிருந்து கிளந்தானின் தாய்லாந்து எல்லை வரை செல்லும் கூட்டரசுச் சாலை 3 கரையோரச் சாலையாகவே அறியப்படுகிறது. ஆனால் கோத்தா திங்கியைத் தாண்டி மெர்சிங் வரையிலான பாதையில் செம்பனைத் தோட்டங்கள்தான் நீண்டுகொண்டே போகும். கடல் கண்ணில் படாது. நீரும் சாலையும் உண்மையிலேயே அருகருகே ஓடுவது குவாந்தானுக்கு வடக்கே, குறிப்பாகக் கெமாமான் முதல் மாராங் வரையிலான பகுதியில்.

வடக்கு நோக்கிப் போகையில் கடல் வலப்பக்கம், எதிர்த் தடத்துக்கு அப்பால் இருக்கும்; நிறுத்த விரும்பும் ஒவ்வொரு முறையும் எதிரே வரும் லாரிகளைக் குறுக்கிட வேண்டும். தெற்கு நோக்கித் திரும்புகையில் அது உங்கள் இடப்பக்கத்துக்கே வந்துவிடும்; நினைத்த இடத்தில் ஓரமாக ஒதுங்கலாம். ஆகவே முதல் நாள் குவாந்தான் வரை (ஜோகூர் பாருவிலிருந்து ஏறத்தாழ 320 கி.மீ.) ஓட்டித் தங்குங்கள். மறுநாள் கிழக்குக் கரை விரைவுச்சாலையில் குவாலா திரங்கானுவை அடைந்து, மூன்றாம் நாள் முழுவதையும் கரையோரச் சாலைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள் வீடு திரும்பலாம்.

படி 4: எல்லையைக் கடக்கும் நாள்

புறப்படும்போது தொட்டியில் முக்கால் பங்கு எரிபொருள் இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். மீறினால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், திரும்பிப் போகவும் சொல்வார்கள். மலேசியாவில் மஞ்சள் கைப்பிடி கொண்ட குழாயில் வரும் ரோன் 95 பெட்ரோலை வெளிநாட்டுக் கார்களுக்கு விற்கக்கூடாது. ரோன் 97 மட்டுமே நிரப்புங்கள். கிழக்குக் கரைக்குத் துவாஸைவிட உட்லண்ட்ஸ் வழியே கிட்டம். வெள்ளி மாலையைத் தவிர்த்து, வார நாளில் விடியலுக்கு முன்பே சோதனைச்சாவடியை அடைவது உத்தமம். சிங்கப்பூர்ப் பக்கத்தில், கடப்பிதழுக்குப் பதிலாக மைஐசிஏ செயலியில் உருவாக்கிய கியூஆர் குறியீட்டைக் காட்டினாலே போதும். மலேசியப் பக்கத்துக்காகக் கடப்பிதழ்கள் கையில் இருக்கட்டும்.

கோத்தா திங்கிக்கும் மெர்சிங்குக்கும் இடையே யானை கடக்கும் எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. இருவழிச் சாலை, இரவில் வெளிச்சமும் குறைவு. இருட்டில் இதை ஓட்ட வேண்டாம்.

படி 5: கரையோர நாள்

குவாலா திரங்கானுவை விட்டுக் காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள். மாராங்கைத் தாண்டியதும் தென்னை வரிசைக்கு இடையே கடல் தெரியத் தொடங்கும். அடுத்து வரும் ரந்தாவ் அபாங், ஒரு காலத்தில் பேராமைகள் முட்டையிட வந்த கரை. இன்று அவை அநேகமாக வருவதே இல்லை. டுங்குனுக்குத் தெற்கே, கெர்தேயை நெருங்கும்போது எண்ணெய் ஆலைகள் குறுக்கிடும். அங்கே நிற்காமல் போய்விடலாம்.

கெமாமானில் கட்டாயம் நிறுத்துங்கள். மசித்த மீனைத் தேங்காயோடும் மசாலாவோடும் பிசைந்து, வாழையிலையில் முக்கோணமாகச் சுற்றி, குச்சியில் கோத்துக் கரியில் வாட்டும் சாத்தார், சுருண்டு கருகிய இலையைப் பிரித்தவுடன் சூடாகத் தின்ன வேண்டிய பண்டம். மரக்கறி உண்பவர்களுக்குத் திரங்கானுவில் தேர்வுகள் மிகக் குறைவு. இரண்டாம் நாள் குவாந்தானை விட்டுக் கிளம்பும்போதே கட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; வெள்ளி நண்பகலில் தொழுகைக்காகப் பல கடைகள் அடைத்திருக்கும். அன்றிரவு கெமாமானுக்குத் தெற்கேயுள்ள செராத்திங்கில் தங்கினால், அங்குள்ள ஆமைப் பாதுகாப்பு நிலையத்தையும் பார்க்கலாம்.

படி 6: திரும்பி வருதல்

ஞாயிறு மாலையில் ஜோகூர் பாருவை அடையாதபடி நாளைக் கணக்கிடுங்கள். சிங்கப்பூருக்குள் கொண்டுவரும் சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகை கிடையாது. மலேசியாவிலிருந்து வரும்போது மதுவுக்கும் கிடையாது. மின்சிகரெட்டை வைத்திருப்பதே சிங்கப்பூரில் குற்றம் என்பதால், உடன் வருபவர்களின் பைகளையும் சாவடிக்கு முன்பே ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுங்கள்.