மலையகத்து ஸ்ட்ரைக்கர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு எங்கள் தோட்டத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் உதைபந்தாட்டப் போட்டி நடந்தது. அதில் ஒரு பையன் ஒரே நாளில் ஒன்பது கோல் போட்டான். பொழுது சாயும்போது அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றி வந்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கொழும்பில் ஒரு கழகத்தின் தெரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் அரை மணி நேரத்துக்குள் ஐந்து தடவை கொடி உயர்ந்தது, ஐந்தும் ஓஃப்சைட், அதாவது எதிரணியின் கோலுக்கு அளவுமீறிக் கிட்ட நின்ற பிழை. அதற்குப் பிறகு அவனுக்குப் பந்து கொடுக்கவே யாருக்கும் மனம் வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் கினிகத்தேனை தாண்டும்வரை வாய் திறக்காமல் இருந்தவன், பிறகு கேட்டான்: “நான் எங்க சேர் பிழை விட்டேன்?”

அவன் காலில் ஒரு குறையும் கிடையாது. பிழை அவனைப் பழக்கிய எங்கள் மீது. எங்கள் தோட்டத்து மைதானங்கள் பெரும்பாலும் முழு அளவில் பாதிகூட வராது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். இங்கே நடக்கும் போட்டிகளில் ஓஃப்சைட் பார்ப்பதும் அரிது. அதனால் நம் பையன் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பழகிவிடுகிறான். பந்து வரும், அடிப்பான், கோல். 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்ட மைதானத்தில் இந்தப் பழக்கமே அவனைக் கவிழ்த்துவிடும்.

முதலில் சட்டத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். நம் அணிக்காரர் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில் நாம் எங்கே நின்றோம் என்பதுதான் கணக்கு. பந்து நம்மிடம் வந்து சேரும்போது எங்கே இருந்தோம் என்பது கணக்கே இல்லை. பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆளையும் தாண்டி அவர்களின் கோலுக்குக் கிட்ட நின்றால்தான் ஓஃப்சைட், அந்த ஆளுக்கு நேராக நின்றால் கிடையாது. கையும் புயமும் கணக்கில் சேராது. நம் பாதியில் நின்றாலும், கோல் கிக், த்ரோ இன், கோர்னர் இவற்றிலிருந்து நேராகப் பந்து வாங்கினாலும் ஓஃப்சைட் ஆகாது. பத்து வருஷம் ஆடிய பையன்களுக்கே த்ரோ இன் விஷயம் தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஓட்டம். 90 நிமிட ஆட்டத்தில் ஒருவரின் காலில் பந்து இருப்பது இரண்டு, மூன்று நிமிடம்தான். மிச்ச நேரம் முழுக்க ஸ்ட்ரைக்கர், அதாவது முன்னால் நின்று கோல் போட வேண்டியவன், என்ன செய்கிறான் என்றுதான் தெரிவாளர்கள் பார்க்கிறார்கள். பின்கள வீரரால் பந்தையும் உங்களையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. ஆகவே அவர் கண்ணுக்கு எட்டாத தோள் பக்கமாக நில்லுங்கள். பந்தை நோக்கி இரண்டு எட்டு வாருங்கள். அவரும் கூடவே வருவார். பந்து வைத்திருப்பவர் தலையை நிமிர்த்தியதும் சட்டென்று திரும்பி அவருடைய முதுகுப் பக்கமாகப் பாயுங்கள். நேர்க்கோட்டில் ஓடினால் கொடி உயரும். பின்கள வீரர்கள் நிற்கும் வரிசையை ஒட்டிக் குறுக்கே ஓடிப் பிறகு வளைந்து உள்ளே போனால் உயராது. இதைப் பழகப் பெரிய மைதானம் தேவையில்லை. இரண்டு பேர், ஒரு பந்து, பின்கள வீரராக நட்டு வைக்க ஒரு தடி போதும். ஒரு மாலைக்கு ஐம்பது தடவை செய்தால் உடம்பே கற்றுக்கொள்ளும்.

அடுத்த தவறைப் பற்றிப் பேசும்போது எனக்கு மனம் கனத்துப்போகும். தைப்பொங்கல், சித்திரை, தீபாவளி என்று எந்தத் தோட்டத்தில் போட்டி வைத்தாலும், கோல் போடும் பையனை ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை கணுக்கால் பிரண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை துணியை இறுகக் கட்டிக்கொண்டு மறுபடி இறங்குவான். வீக்கத்தின் மேல் சூடாகத் தைலம் தேய்த்து உருவி விடுவார் ஒரு மாமா. முதல் இரண்டு, மூன்று நாளுக்கு அந்த உருவலும் சூடும் வீக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். ஐஸ் வைத்து, காலை உயர்த்தி வைக்க வேண்டும். ஐஸுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், மீன் லொறிக்காரரிடம் கேட்டால் ஒரு பை தருவார். அதைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைக்கலாம். நான்கு எட்டுகூட வைக்க முடியாத வலி என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். அடிபட்ட காலில் மட்டும் நின்று பத்துத் தடவை வலியில்லாமல் துள்ள முடியாதவரை மைதானத்தில் இறங்கக் கூடாது. ஆறாத கணுக்கால் திரும்பத் திரும்பப் பிரளும். அப்படியே வேகத்தை இழந்து, இருபது வயதில் பந்தை விட்டவர்களின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு ஒரு அணியே சேர்ந்துவிடும்.

உடம்பைச் சூடாக்காமல் இறங்குவதும் இதோடு சேர்ந்ததுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் காலைக் குளிரில் நேராகப் பந்தை உதைத்தால் தொடைத் தசை பிடிக்காமல் என்ன செய்யும்? உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவின் ‘11+’ என்ற பயிற்சி முறைக்கு 20 நிமிடம் போதும். ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு சதம் செலவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் பையன்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2016 கணக்கெடுப்பின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றிலொருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆனாலும் கைக்கு எட்டியதைச் செய்யலாம். ரொட்டியும் பிளேன்டீயும் மட்டும் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் ஓடக் கூடாது. கௌபி, கடலை, பயறு, நெத்தலி, முட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் உள்ளே போக வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கிறது. உயரம் இல்லையே என்று மட்டும் சோர வேண்டாம். இந்தியாவுக்காக மிக அதிக கோல் போட்ட சுனில் சேத்ரியின் உயரம் 1.70 மீற்றர்தான்.

தெரிவுக்குப் போகிறவர்கள் இரவு பஸ் ஏறி விடியற்காலை கொழும்புக் கோட்டையில் இறங்கி, ஒன்பது மணிக்கு ஆட வேண்டாம். மலைக்குளிரில் வளர்ந்த உடம்பைக் கொழும்பு வெக்கை இருபது நிமிடத்தில் உறிஞ்சிவிடும். கடையில் வேலை செய்யும் சொந்தக்காரர் ஒருவராவது அங்கே இருப்பார், முந்தியே போய்த் தங்குங்கள். சிங்களம் தயக்கம் என்று வாயை மூடிக்கொண்டு ஆடுவதும் பெரிய பிழை. பந்தைக் கேட்டு வாங்காத ஸ்ட்ரைக்கரை யாரும் கவனிப்பதில்லை. மைதானத்துக்குத் தேவை இருபது சொல்தான்.

இனி ஏஜென்ட். மாலைதீவு, கட்டார், டுபாய் கழகத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று முன்பணம் கேட்டால் அன்றோடு அந்த ஆளின் தொடர்பை விடுங்கள். அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் காசு கொடுத்து, விசிட் விசாவில் போய், கட்டட வேலை செய்துவிட்டுத் திரும்பிய பையனை எனக்குத் தெரியும். ஏஜென்டாக வேலை செய்ய ஃபிஃபாவின் உரிமம் வேண்டும், அதற்குப் பரீட்சையே உண்டு. சில விதிவிலக்குகள் தவிர, 18 வயது ஆகாதவரை வேறு நாட்டுக் கழகத்துக்கு மாற்ற ஃபிஃபா விதி இடம் கொடுக்காது. 16 வயதுப் பையனுக்கு வெளிநாட்டு வாய்ப்பு என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.

உள்ளூர்க் கழகமானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள், ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். 18 வயதுக்குக் கீழே மூன்று வருஷத்துக்கு மேல் கையெழுத்துப் போட வேண்டாம், விதியும் அதுதான். இரண்டு மாதச் சம்பளத்தைக் கழகம் தராமல் இழுத்தால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறிக்கலாம்.

வயதைக் குறைத்துக் காட்டவே காட்டாதீர்கள். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் 2009 முதல் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தையும் விடாதீர்கள். 2021இல் தொடங்கிய இலங்கை சுப்பர் லீக்கில் ஆடிய 10 கழகங்களில் நம் பக்கத்து நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸும் இருந்தது, முப்படைகளின் அணிகள் மூன்றும் இருந்தன. நம் நாட்டில் பந்தை மட்டும் நம்பி வாழ்கிறவர் குறைவு. வேலையோடு ஆடுகிறவர்கள்தான் நிறைய. அந்த வேலைக்குச் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு கைகொடுக்கும். இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டியை 16 வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கழகம் உயரம் போதாது என்று விட்டுவிட்டது. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு சின்னக் கழகங்களில் ஆடியவர், 25 வயதில்தான் லெஸ்டர் போனார். 2016இல் அந்த அணியோடு பிரீமியர் லீக் சம்பியன், 33 வயதில் அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிக கோல் போட்டவர்.

அந்தத் தீபாவளிப் பையன் அடுத்த மாதம் மறுபடி தெரிவுக்குப் போகிறான். இந்தத் தடவை நான்கு நாள் முந்தியே வத்தளையில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு.